மூன்றாவது துண்டு

"பேரைப் பிரிக்கக்கூடத் தெரியாத பொண்ணை யாரு வேலைக்கு எடுத்தது?"

மேனேஜர் மதுசூதன் சத்தம் போட்டது கண்ணாடி அறையைத் தாண்டி மாதாப்பூர் சாஃப்ட்வேர் ஆபீஸ் முழுக்கக் கேட்டது. குண்டூரிலிருந்து வந்திருந்த விடுதிக் கல்லூரி நிர்வாகி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"முழுப் பேரும் பிரிச்சுப் போட்டுக் குடுங்கன்னு தெளிவாத்தானே சொன்னேன்? இது என்ன?" என்று கேட்டார் நிர்வாகி.

திரையில் அவருடைய மாணவர்களின் பெயர்கள். கிரண், நரேஷ், பவன் என்று எல்லாமே ஒற்றைப் பெயர்.

"என் பேரையே எடுத்துக்கம்மா ஸ்ரவந்தி. எர்ரம் மதுசூதன் ரெட்டி. இடைவெளி பார்த்து ஸ்ப்ளிட் பண்ணா மூணு துண்டு. வீட்டுப் பேரு, வச்ச பேரு, கடைசியா குலப் பட்டம். எல்லாத்தையும் வரிசையா ஒரு பட்டியல்ல போட புரோகிராம்ல ஒரே ஒரு வரி. அது வராதா உனக்கு?"

ஸ்ரவந்தி தலையை நிமிர்த்தவில்லை.

"தப்பு பண்ணிட்டேன் சார்."

"புரொபேஷன் இந்த மாசம் முடியுது. அப்படியே வீட்டுக்குக் கிளம்பிடு."

வெளியே யாரோ சிரித்தார்கள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

நிர்வாகியை டீ குடிக்க அனுப்பிவிட்டு, தானே சரிசெய்துவிடலாம் என்று மதுசூதன் அவளுடைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அவள் எழுதிய புரோகிராமில் பெயர்கள் எல்லாம் ஒழுங்காகத்தான் பிரிந்திருந்தன. அடுத்த வரியில்தான் விஷயம் இருந்தது. இரண்டாவது துண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வேண்டுமென்றே தள்ளியிருந்தாள்.

"ஸ்ப்ளிட் சரியாத்தானே இருக்கு? அப்புறம் ஏன் மத்ததைத் தூக்கி எறிஞ்சே?"

ஸ்ரவந்தி வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மூணாவது துண்டைப் பார்த்து மெஸ்ல பசங்களைப் பிரிச்சு உட்கார வைக்கணும்னு அந்தக் காலேஜ்காரரு போன்ல சொன்னாரு சார். அது இல்லாத பசங்களுக்குக் கை கழுவுற இடத்துக்குப் பக்கத்துல தனி மேஜையாம். வச்ச பேரு மட்டும் இருந்தா எப்படிப் பிரிப்பாங்க?"

மதுசூதனுக்கு முகம் சுட்டது. இவளைப் போய் இத்தனை பேர் முன்னால் திட்டினோமே என்று கூசிப் போனார்.

"இதை என்கிட்ட முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? நான் உன் பக்கம் நின்னிருக்க மாட்டேனா?"

ஸ்ரவந்தி அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தாள்.

"உங்க பேருலயும் மூணாவது துண்டு இருக்கே சார். அதான் சொல்லத் தைரியம் வரல."