ஒரு ஃபேன், ஒரு லைட்டு

மாமனார் கட்டும் மாடியறைக்கு, யாரும் கூப்பிடாமலே மேற்பார்வைக்கு வந்து நின்றார் வீட்டோடு மாப்பிள்ளை.

"இவ்வளவு தடி ஒயர் எதுக்குய்யா? பழசுங்க ரெண்டும் மாடியில மாவு மில்லா ஓட்டப் போகுது? ஒரு ஃபேன், ஒரு லைட்டு. மெல்லிசா இழு."

"இழுக்கலாம் சார்," என்றார் எலக்ட்ரீஷியன். "ஆனா கீழே இருக்கற மெயின் பிரேக்கர் தடி ஒயருக்கு வெச்சது. இந்தக் கிளை ஒயர் கருகினாலும் அது வேடிக்கைதான் பார்க்கும். அதனால இதுக்கு ஏத்த சின்ன பிரேக்கரா போட்டுடறேன். ஏசி வெச்சா பட்டுனு ட்ரிப் ஆகி கரண்டை நிறுத்திடும்."

"ஏசியா? அதுங்களுக்கா?" மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். "கீழே இருக்கற ஏசி ரூம் இனிமே எனக்கு. அதுங்களுக்கு ஜன்னல் காத்து போதும்."

சுவர் பூசி, பெயிண்டும் அடித்தாயிற்று. மாமனார் சாவியை நீட்டினார்.

"இந்தாங்க மாப்பிள்ளை, மாடி ரூம் சாவி."

"எனக்கெதுக்கு மாமா?"

"உங்களுக்குத்தானே கட்டினேன்! முட்டிவலியோட உங்க அத்தை எந்தப் படி ஏறுவா?"

மாப்பிள்ளை வாயைத் திறக்குமுன் ஏசி அறைக்குள்ளிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"எலக்ட்ரீஷியன் எல்லாத்தையும் சொன்னார், மாப்பிள்ளை. ஜன்னல் காத்து நல்லா வருமாம். மாவு மில் மட்டும் வெச்சுடாதீங்க!"