பூசணி வாடை

"கடைச் சாவிய அங்கன வச்சிட்டு வெளிய போலே!"

ஷமீம் பானு போட்ட சத்தத்தில், அருவியில் குளித்துவிட்டு ஜூஸ் குடிக்க வந்த கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. சாரலில் நனைந்த தலையும் கையில் ஒரு முலாம்பழமுமாகத் தம்பி ஹுஸைஃபா கடை வாசலிலேயே நின்றுவிட்டான்.

அந்தப் பழம்தான் வினை. பழைய குற்றாலம் போகிற வழியில் புதிதாக முளைத்த ஒரு கடையில் வாங்கியது. அவன் படியேறும்போதே அவளுடைய மூக்கு சொல்லிவிட்டது, இது நம் தோட்டத்துப் பழத்தின் மணம் என்று.

அச்சன்புதூரில் வாப்பா விட்டுப்போன தோட்டத்தைத் தவிர வேறெங்கும் அந்த ரகம் கிடையாது. முழுப் பழமாக யாருக்கும் கொடுப்பதில்லை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட ஜூஸாகத்தான் போகும். அறுக்கிற பழத்தின் விதையெல்லாம் அன்றைக்கே வீடு திரும்பி, கழுவிக் காய்ந்து, அரிசிப் பானைக்குள் போய்ப் பதுங்கிக்கொள்ளும். அந்த இடம் அக்காவுக்கும் தம்பிக்கும் மட்டுமே தெரியும்.

"நேத்து அந்தக் கடைக்காரன்கிட்ட சிரிச்சுப் பேசிட்டு நின்னியாம்லா? முஹ்ஸினா கண்ணால பாத்துட்டு போன்ல சொல்லுதா."

"பழம் எங்கேருந்து வருதுன்னு கேக்கப் போனேங்க்கா. அவன் வாயத் தொறக்கல. அதான் இன்னைக்கு ஒண்ணு வாங்கிட்டு வந்தேன்."

"கேக்கப் போனியா, விதைய விக்கப் போனியா? வாப்பா மவுத்தாகும்போது உன்ன நம்பித்தானலே என்னைய விட்டுட்டுப் போனாவ! கூடவே இருந்து குழி பறிச்சிட்டியே!"

துபாய் வேலையை உதறிவிட்டு அக்காவுக்காக வந்தவன் என்று ஊரெல்லாம் பெருமையடித்திருக்கிறாள். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

நல்லவேளை, முஹ்ஸினா கண்ணைத் திறந்துவிட்டாள். கடையத்தில் வாழ்க்கைப்பட்டாலும் பள்ளிக்கூடத்துச் சிநேகிதத்தை விடாதவள். கொடி பக்கக்கிளை விடுவதற்காக நுனிக் கொழுந்தைக் கிள்ளிவிடும் நாட்களில், உம்மா வீட்டுக்கு வருகிற சாக்கில் தோட்டத்துக்கும் வந்துவிடுவாள். கிள்ளிப் போட்டதையெல்லாம் பொறுக்கி, வாடினால் ஆடு தின்னாது என்று ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோவாள். ஆட்டுக்கு இம்புட்டுச் சீராட்டா என்று ஷமீம் பானு கேலி பேசுவாள். அப்பேர்ப்பட்டவள் புதுவீடு கட்டிக் குடிபோன விருந்துக்குக்கூட, சீசன் நெருக்கடியில் தம்பியைத்தான் அனுப்பிவைக்க முடிந்தது.

ஹுஸைஃபா சாவியை மேசைமேல் வைத்தான். பழத்தை இரண்டாகப் பிளந்து அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"நான் போறேன். நீ இத ஒருதரம் நல்லா மோந்து பாரு."

வேண்டாவெறுப்பாக மோந்தாள். முதலில் அதே தேன் மணம். அதன் அடியிலேயே, பச்சைப் பூசணியைக் கீறினால் வருமே, அந்த வாடை லேசாக எழுந்தது.

"என்னலே இது, பூசணியால்லா அடிக்கி?"

"அடிக்கத்தான் செய்யும். துபாய் தோட்டத்துல நான் பாத்த வேலையே இதுதானக்கா. பூசணி நாத்தோட தலைய வெட்டிட்டு, அதுல முலாம் கொழுந்த ஒட்டுக் கட்டுவோம். வேர் அழுகாது, காய்ப்பும் கூடும். ஆனா சில பூசணிவேருல கட்டுனா அதோட வாடையும் பழத்துல ஏறிரும்."

"நம்ம பழத்துல இந்த வாடை கிடையாதே?"

"நம்மது விதை போட்டு வந்ததுல்லா. விதை கையில இருந்தா அவனும் மண்ணுல ஊனியிருப்பான். விதைக்கு வழியில்லாதவன்தான் இந்தப் பாடு படணும். போனது விதை இல்லக்கா, நம்ம தோட்டத்துக் கொழுந்து."

ஷமீம் பானுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வெட்கம் பிடுங்கித் தின்றது. சாவியை எடுத்துத் தம்பியின் கைக்குள் திணித்து, அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"கோவத்துல பேசிட்டேம்லே, மனசுல வைக்காத. ஆனா கொழுந்து எப்படிலே வெளிய போவும்? கிள்ளுததே நான்தான. ஒண்ணுவிடாம முஹ்ஸினா ஆட்டுக்குல்லா குடுத்தேன்!"

ஹுஸைஃபா அக்காவையே பார்த்தான். அந்தப் புதுவீட்டு விருந்துக்குப் போய்வந்தவன் அவன்தான்.

"முஹ்ஸினாக்கா வீட்ல ஏதுக்கா ஆடு?"