காயீனின் முகம்

காயீன் தன் தம்பி ஆபேலைக் கொல்லும் ஓவியத்துக்காக, நேப்பிள்ஸில் ஓவியர் ஓராசியோவின் முன் தினமும் மாலையில் காயீனாகத் தடியை ஓங்கி நிற்பேன். ஆபேலாகப் படுப்பவன் காலையில் வந்துபோவான். நான் பார்த்ததில்லை.

இன்று ஆபேலுக்கு முகம் வரைந்திருந்தார். என் தம்பி அனியெல்லோவின் முகம்.

தவக்காலத்தில் நான்தான் அவனைத் துடுப்பால் அடித்துக் கடலில் தள்ளினேன். கப்பலேறிப் போய்விட்டான் என்று அம்மாவிடம் சொன்னேன். இன்னமும் துறைமுகத்துக்குப் போய் நிற்கிறாள்.

“யாருங்கய்யா இது?”

“உன் தம்பின்னானே! தங்கமான பையன். என்ன, தண்ணி சொட்டச் சொட்ட வந்து, படுக்கிற வைக்கோலைத்தான் தினமும் நனைச்சிடுறான். அவன் சொல்லித்தான் படத்துல உன் மூஞ்சிய மாத்தினேன்.”

“என்ன சொன்னான்?”

“கோவம் வேண்டாமாம். அடிச்சப்போ நீ அழுதுகிட்டே இருந்தியாம். சரி, தடியைத் தூக்கு.”

தூக்கினேன். காலடியில் வைக்கோல் ஈரமாக இருந்தது.