லயத்துச் சீனி

பொகவந்தலாவை பஸ்ஸிலிருந்து இறங்கி அம்மாக்கண்ணு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்கு ஏறி வந்தபோது, பக்கத்துக் காம்பரா வேலாயி சிரட்டை நிறையச் சீனியோடு வாசலிலேயே நின்றிருந்தாள்.

அம்மாக்கண்ணுவின் புருஷன் நல்லமுத்துவுக்குக் காசம். மழை தொடங்கியதிலிருந்து டவுன் ஆஸ்பத்திரியில் கட்டில்.

முதலில் யாரும் காசம் என்றே நினைக்கவில்லை. இருமினான், ஆனால் ரத்தம் துப்பவில்லை. ரத்தம் துப்பாத காசத்தை அந்த லயத்தில் யார் கண்டார்கள்?

ஊசி போடத் தொடங்கியபோது தோட்டத்து மருந்துக்காரர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். சத்தாகக் கொடு.

முட்டைக்கும் பாலுக்கும் எங்கே போவது? லயத்துக்குத் தெரிந்த சத்து சீனிதான். கொழுந்து பறிக்கும் மலையில் மயங்கி விழுந்தவளையும் எழுப்பி உட்கார வைப்பது அதுதான்.

அதனால் லயமே பேசி முடிவெடுத்தது. வாரா வாரம் வீட்டுக்கு ஒரு கை சீனி நல்லமுத்துவுக்கு. உள்ளங்கையில் துளி சீனியை வைத்து நக்கிக்கொண்டே தேயிலைச் சாயத்தண்ணி குடித்துப் பழகியவர்கள், வெறும் கையோடு கசக்கக் கசக்கக் குடித்தார்கள். ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. அப்படிப்பட்ட சனங்கள்.

அம்மாக்கண்ணு அதைப் பாகாகக் காய்ச்சிப் போத்தலில் கொண்டுபோவாள். அவன் ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தண்ணீர் கேட்பான். மறுபடியும் தண்ணீர். ஊசிச் சூடு என்றார்கள்.

இளைக்க இளைக்க இவர்கள் கூடுதலாகக் கொடுத்தார்கள். கொடுக்கக் கொடுக்க அவன் இளைத்தான்.

இன்று காலையில் பெரிய டாக்டர் அவளைக் கூப்பிட்டு, அவனுக்கு என்ன கொடுத்தாய் என்று கேட்டார். அவள் பெருமையாகத்தான் சொன்னாள். லயமே கொடுத்தது என்றாள்.

அவர் சிங்களத்தில் சொன்னதை நர்ஸ் மெதுவாகத் தமிழில் சொன்னாள். அவனுக்கு நீரிழிவும் இருந்திருக்கிறது. அதை அடக்காமல் காசத்துக்கு எந்த ஊசி போட்டாலும் சரியாகப் பிடிக்காது. சீனி அதைத்தான் ஊட்டி வளர்த்திருக்கிறது. நேற்றுத்தான் மூத்திரத்தைச் சோதித்துப் பார்த்தார்களாம்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யாரைத் திட்டலாம் என்று தேடினாள். மருந்துக்காரரைத் திட்டினாள், டாக்டரைத் திட்டினாள், சாமியையும் விடவில்லை. ஆனாலும் திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் வந்ததெல்லாம் சீனி அள்ளிய கைகள். எதிர்க் காம்பரா காளியாயியின் கை, வேலாயியின் கை, பாகு கிண்டிய தன்னுடைய கை.

“அண்ணன் எப்படி இருக்காங்க அக்கா?” என்று சிரட்டையை நீட்டினாள் வேலாயி. “ இந்த வாரம் கொஞ்சம் கூடவே வச்சிருக்கேன். புள்ளைக்குன்னு எடுத்து வச்சதையும் சேத்துட்டேன்.”

அம்மாக்கண்ணு அவள் முகத்தைப் பார்த்தாள். உள்ளதைச் சொன்னால் இந்த லயத்தில் இனி ஒருவருக்கும் ஒரு வாய் தேத்தண்ணி இறங்காது.

“டாக்டரே சொன்னாரு வேலாயி. நீங்கல்லாம் குடுத்த சீனியாலதான் இன்னைக்கு விடியிற வரைக்கும் உசுரப் புடிச்சிக்கிட்டு இருந்தாராம்.”

“ஐயோ அண்ணே!” என்று வேலாயி நெஞ்சில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினாள், சிரட்டை சரிந்தது. துளியும் சிந்தவிடாமல் அம்மாக்கண்ணு அதை வாங்கிக்கொண்டாள்.