பச்சை விளக்குகள்

"தேன் மாதிரி இருக்குடா மச்சான்! இதையே வச்சுக்கலாம்!"

அரங்கின் பின்கோடியில், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் மேஜையிலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார் சவுண்ட்காரர். மேடையில் ஒத்திகைக்கு நின்றிருந்த மச்சான் விழித்தான். மைக்கை வைத்துவிட்டு இறங்கி, அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றான்.

"அத்தான், நான் இன்னும் பாடவே ஆரம்பிக்கலை. இருமினேன்."

உதட்டசைவைப் படித்த பிறகுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. மிக்ஸரில் பச்சை விளக்குகள் துள்ளியதைப் பார்த்து, பாடுகிறான் என்றே நினைத்துவிட்டார்.

"நீ பாடறதுக்கு அது எவ்வளவோ தேவலைடா!"

வாத்தியக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் பல்லைக் காட்டி வைத்தார்.

போன காது இனித் திரும்பாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வீட்டில் யாரிடமும் அவர் அதைச் சொல்லவில்லை. காது கேளாதவனை எந்தக் கச்சேரியில் மிக்ஸர் முன்னால் உட்கார வைப்பார்கள்? இதை விட்டால் அவருக்கு வேறு வேலையும் தெரியாது.

மகள் வந்தாள். மேடையோரத்தில் அவளுக்குத் தனி மிக்ஸர். மேடையில் இருப்பவர்கள் காதுக்குப் போகும் ஒலி அவள் பொறுப்பு. சபைக்குக் கேட்பது அவர் பொறுப்பு.

"களைப்பா இருக்கீங்கப்பா. இன்னிக்கு உங்க இடத்துல நான் உட்காரட்டுமா?"

"நான் கண்ணை மூடினப்புறம் உட்காரு."

அவள் மேடைப் பக்கம் போய்விட்டாள்.

கச்சேரியில் ஒரு பாட்டின் நடுவே, முன்வரிசை சட்டென்று காதைப் பொத்திக்கொண்டது. ஏதோ ஒரு மைக் கீச்சிடுகிறது. எது? அவருக்குள் வெறும் நிசப்தம். குத்துமதிப்பாக மச்சானுடைய மைக்கை இறக்கினார். பொத்திய கைகள் விலகின. அதற்குள் அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

இன்னும் எத்தனை நாளைக்கு? குட்டு உடைந்தால் சொந்த மகள் முகத்தில் எப்படி விழிப்பது? இன்றைக்கே சொல்லிவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். கடைசிப் பாட்டு வரை அவர் மனசு இதையே அரைத்துக்கொண்டிருந்தது.

கூட்டம் கலைந்ததும் மச்சான் ஓடிவந்து அவர் தோளைப் பிடித்துக் குலுக்கினான். "அத்தான், இன்னிக்கு சவுண்டு பிரமாதம்!"

சொல்ல வாயெடுத்தவர் விழுங்கிக்கொண்டார். கண் கலங்கியதை அவன் பார்த்துவிடக் கூடாதே என்று திரும்பி, மிக்ஸரைத் துடைக்க ஆரம்பித்தார்.

அவர் முதுகுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில் நின்றுகொண்டு, குரலைக்கூடத் தாழ்த்தாமல், அங்கே வந்த அவருடைய மகளிடம் மச்சான் கேட்டான்.

"கத்தினது எந்த மைக்?"

"புல்லாங்குழல் மைக், மாமா. நான் உடனே இறக்கிட்டேன். பாவம், அப்பா உங்க மைக்கை இறக்கிட்டார்."

"ஐயையோ, அப்புறம் எப்படி என் பாட்டு நிக்காம கேட்டுது?"

"அவருக்குக் காது போனதுலேருந்து எல்லாம் என் மிக்ஸர் வழியாத்தானே போகுது? அப்பா மிக்ஸர்லேருந்து ஸ்பீக்கருக்கு நான் லைனே குடுக்கறதில்லை, மாமா."