மூக்கனுக்கு நாலு அளவு

"என்னங்க, இதக் கொஞ்சம் பாருங்க. எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல."

கௌசி போனை நீட்டினாள். ஹட்டன் டவுனில் அவள் தையல் கடை போட்டு மூன்று மாதம்தான் ஆகிறது. பேஸ்புக்கிலும் கடைக்கு ஒரு பக்கம் திறந்து, தைத்த பிளவுஸ்களைப் படம் பிடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அதை நம்பித்தான் கடையே.

கணவன் விஜிதரன் வாசித்தான்.

'கைக்குழி இறுக்கல. கையத் தூக்கி வேலை செய்ய நல்லா இருக்கு.'

"நல்லாத்தானே எழுதியிருக்கு?"

"எழுதினது யாருன்னு பாருங்க."

மூக்கன். படத்தில் முறுக்கு மீசை, கம்பளித் தொப்பி, பின்னால் ஒரு லொறி.

"ஆம்பிளையா?" விஜிதரன் நெற்றியைச் சொறிந்தான்.

மறுநாளும் அதே மூக்கன். 'இடுப்புல கொஞ்சம் லூசு.' அதற்கு மறுநாள், 'இடுப்புல பிடிக்குது, மத்தபடி குறையில்ல.' அப்புறம், 'கழுத்து எடுப்பா இருக்கு. வீட்டுக்காரருக்கும் பிடிச்சிருக்கு.'

ஒரே ஆள், நாலு அளவு. போதாததற்கு வீட்டுக்காரர் வேறு. கௌசிக்குக் கிறுக்குப் பிடித்துவிடும் போலிருந்தது. 'நீங்க யாருங்க?' என்று கேட்டு அனுப்பினாள். மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வந்தது.

ஊரே அவள் பேஸ்புக் பக்கத்தில் வந்து சிரித்தது. 'அண்ணே, போட்டுக்கிட்டு ஒரு போட்டோ போடுங்க' என்று ஒருத்தன்.

சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. மகள் கல்யாணத்துக்கு எட்டு பிளவுஸ் தைக்கக் கொடுத்திருந்த தனலெட்சுமி அக்கா வந்து துணியைத் திருப்பிக் கேட்டார்.

"ஒன் பக்கத்துல எழுதுறதெல்லாம் பொய்யாமே? ஆள் வச்சு எழுத வைக்கிறியாம்."

அக்கா போனதும் கௌசி விஜிதரனிடம் சொல்லி அழுதே விட்டாள்.

"போலிக் கணக்குதாங்க. எவனோ வேணும்னே செய்யிறான். பொய் சொல்லிப் பொழைக்கிறவங்க உருப்படவே மாட்டாங்க."

மூக்கன் எழுதிய அத்தனையையும் அழித்தாள். ஆளையும் பிளாக் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. கடை வாசலில் அதே முறுக்கு மீசை, அதே கம்பளித் தொப்பி.

"தங்கச்சி, நான் மூக்கன். தேயிலைத் தோட்டத்துல கொழுந்து ஏத்துற லொறி ஓட்டுறேன். நாலு நாளா எழுதுறேன், ஏறவே மாட்டேங்குது. சிக்னல் கோளாறு போல. அதான் நேர்லயே சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன். ஜீவராணிக்கு பிளவுஸ் அருமையா இருக்காம்."

"யாரு ஜீவராணி?"

"எங்க தோட்டத்துப் புள்ளதான். திருவிழாவுக்கு ஒம்பது பேர் சேர்ந்து வந்து ஒங்ககிட்ட தைச்சாங்களே. அவங்க குடியிருக்கிற லயத்துப் பக்கம் சிக்னலே இல்ல. லொறி மேல் வளைவுக்கு வந்தாத்தான் கொஞ்சம் கிடைக்கும். கொழுந்து நிறுக்கையில ஒவ்வொருத்தரா சொல்லுவாங்க. நான் சொன்னபடியே எழுதிருவேன்."

கௌசி உட்காரச் சொல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"அவங்க பேரப் போட்டிருக்கலாமே அண்ணே. ஊரே ஒங்களப் பாத்துச் சிரிச்சிச்சே."

"பொம்பளைங்க பேரப் போட்டு இடுப்பு, கழுத்துன்னு எழுதினா நல்லாவா இருக்கும்? என் பேர்லயே கெடக்கட்டும்னு விட்டுட்டேன். சிரிக்கிறவங்க சிரிச்சிட்டுப் போகட்டும். புதுக் கடை, நாலு பேருக்குத் தெரியணும்ல."

மூக்கன் போனதும் கௌசி தன் பக்கத்தைத் திறந்து பார்த்தாள்.

'சூப்பர் ஃபிட்டிங்', 'ஹட்டனில் நம்பர் வன்' என்று நாற்பத்திரண்டு பாராட்டு அப்படியே பத்திரமாக இருந்தது. எல்லாம் அவளே எழுதி, கொழும்பில் இருக்கும் கூட்டாளிமாருக்கு அனுப்பிப் போடச் சொன்னது.

அவர்களில் ஒருத்தியும் கௌசி தைத்த பிளவுஸைக் கண்ணால்கூடக் கண்டதில்லை.