சிவப்பு நூல் போட்ட ஜீன்ஸ்

“கொஞ்சம் திரும்பி நில்லும்மா.”

வேலை கேட்டு வந்தவளிடம் மேஸ்திரி டர்க் சொன்ன முதல் வார்த்தையே இதுதான். மர்லாவுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. கோபப்படுகிற நிலைமையிலா இருக்கிறாள்? திரும்பி நின்றாள்.

அமெரிக்காவின் மொன்டானா மாட்டுப் பண்ணைகளில் முகத்தைப் பார்த்து ஆள் எடுப்பதில்லை. ஜீன்ஸைப் பார்த்துத்தான் எடுப்பார்கள்.

டர்க் விசிலடித்தான். “பாஸ், இங்க வந்து பாருங்க! உள்தொடை ரெண்டும் எப்படி வெளுத்துக் கிடக்கு! முட்டி தேயவே இல்ல. இவ சேணத்துலயே குடியிருந்தவ. பின்பாக்கெட் மூலையில இருந்த செப்பு ரிவெட் ஆணியைப் பிடுங்கிட்டு, சிவப்பு நூல் போட்டிருக்கா. சேணத்துல கீறல் விழக் கூடாதாம்! சுரங்கத்துல கல்லு உடைக்கிறவனுக்கு அடிச்ச ரிவெட்டு நமக்கு எதுக்குன்னு தெரிஞ்சவ.”

மர்லா குனிந்து ஜீன்ஸின் கால் மடிப்பைச் சரிசெய்துகொண்டாள்.

அந்த ஜீன்ஸை அவள் முந்தாநாள்தான் சர்ச்சில் பழைய துணி விற்கிற இடத்தில் வாங்கினாள். குதிரையைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் இந்த வேலையோடு தங்க ஒரு சின்ன வீடும் தருகிறார்கள். அவளும் மகள் டெஸ்ஸும் வாரக்கணக்கில் காரில் தூங்குகிறார்கள். இன்னும் கொஞ்ச நாளில் பனி கொட்ட ஆரம்பித்துவிடும்.

பண்ணைக்காரி கோரா வந்தாள். மர்லாவைவிட நாலைந்து வயது கூட இருக்கும். ஜீன்ஸையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“கால்ல என்ன மடிப்பு? தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சவா வந்தே? இறக்கி விடு” என்று எரிந்து விழுந்தாள் கோரா. “வேலை உண்டு. வேலி கட்டு. குதிரைப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதே.”

டர்க்குக்குப் பொறுக்கவில்லை. “குதிரைக்காரியைப் போய் வேலி கட்டச் சொல்றீங்களே பாஸ்!”

“பண்ணை உன்னுதா, என்னுதா?”

அவ்வளவுதான். மர்லா குழி தோண்டினாள், கம்பம் நட்டாள், முள்கம்பி இழுத்தாள். உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துப் போயின.

மத்தியானச் சாப்பாட்டில் ஆட்கள் கோராவின் தலையைத்தான் உருட்டினார்கள்.

“பொறாமை! தன்னைவிட நல்லா ஓட்டிடுவாளோன்னு பயம்!” என்றான் டர்க். “ஆமா மர்லா, நீ எந்தப் பண்ணையில இருந்தே?”

மர்லா அவசர அவசரமாக வாய் நிறைய ரொட்டியை அடைத்துக்கொண்டு, கையை வடக்குப் பக்கமாக ஆட்டினாள். தினமும் இதே கேள்வி. தினமும் இதே ரொட்டி. எங்கேயாவது குதிரை கனைத்தாலே அவளுக்குப் பகீரென்றது.

ஒரு திங்கட்கிழமை டர்க் ஆரம்பித்தான். “பாஸ், சனிக்கிழமை மலையிலேருந்து மாடு இறக்கணும். ஆள் பத்தல. இப்பவாச்சும் மர்லாவைக் குதிரை ஏத்துங்க.”

கோரா மர்லாவைத் திரும்பிப் பார்த்தாள். “நாளைக்கு விடியறப்போ லாயத்துக்கு வா. தனியா வா.”

தொலைந்தது என்று நினைத்துக்கொண்டாள் மர்லா. வீட்டுக்குப் போனதும் துணிகளைப் பைக்குள் திணித்தாள்.

டெஸ் ஓடி வந்தாள். “அம்மா, நான் வரைஞ்ச படத்தைச் சுவத்துல ஒட்டிக்கட்டுமா?”

“நாளைக்கு ஒட்டலாம் கண்ணு.”

சொல்லிவிட்டு அந்தப் படத்தையும் பைக்குள் வைத்தாள்.

விடிகாலையில் லாயத்தில் ஒரு கிழட்டுக் குதிரைக்குச் சேணம் பூட்டிக்கொண்டிருந்தாள் கோரா.

“மேடம், நான் ஒண்ணு சொல்லிடறேன். எனக்குக் குதிரை ஏறத் தெரியாது. அன்னைக்கு டர்க் ஜீன்ஸைப் பார்த்து...”

“தெரியும்.”

“எப்போலேருந்து?”

“நீ திரும்பி நின்னப்பவே.”

“அதனாலதான் குதிரைப் பக்கம் விடலையா?”

“விட்டிருந்தா விழுந்து கழுத்தை உடைச்சுக்கிட்டிருப்பே. விழலேன்னாலும் ஏறத் தெரியலேன்னு டர்க் ஊர் பூரா சொல்லிச் சிரிச்சிருப்பான். அந்த மடிப்பையும் அவன் கவனிக்கறதுக்குள்ள இறக்கச் சொன்னேன். குதிரை ஏறுறவ எவளாவது நீளமா தைச்ச ஜீன்ஸை மடிச்சு விடுவாளா? சேணத்துல உக்கார்ந்தா அது தானா மேல ஏறும்.”

“மன்னிச்சிடுங்க மேடம். சாயங்காலத்துக்குள்ள வீட்டைக் காலி பண்ணிடறேன்.”

“வீட்டை யாரு கேட்டா? நீ கட்டின வேலியை நான் தினம் ஆட்டிப் பார்க்கறேன். ஒரு கம்பம் அசையல. அதைக் கட்டினது ஜீன்ஸா? நீதானே கட்டினே?”

மர்லாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

“இவ கிழவி. தூங்கிக்கிட்டே நடப்பா. சனிக்கிழமை எல்லாருக்கும் பின்னாடி மெதுவா வந்தாப் போதும்” என்று குதிரையைத் தட்டிக் கொடுத்தாள் கோரா.

“மேடம், டர்க்கே ஏமாந்துட்டான். நீங்க மட்டும் எப்படிப் பார்த்ததும் கண்டுபிடிச்சீங்க?”

“டர்க் என் பின்பாக்கெட்டை உத்துப் பார்த்திருந்தா இந்நேரம் வேலையில இருந்திருக்க மாட்டான்.” கோரா சேணத்தின் வாரை இறுக்கினாள். “அந்தச் சிவப்பு நூலைப் போட்டதும் நான்தான், சர்ச்சுக்குக் கொடுத்ததும் நான்தான். அது அப்படி வெளுக்க எனக்கு ஆறு வருஷம் ஆச்சு. உனக்குச் சனிக்கிழமை வரைக்கும்தான் டைம். ஏறு!”